மாலத்தீவு போகும் தம்பிக்கு

அன்புள்ள குமரனுக்கு,

தை மாதம் நீயும் செல்வியும் மாலத்தீவு போவதாக அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

விமானத்தில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கு. கீழே கடலில் வளையம் வளையமாகத் தெரியும். ஒரு காலத்தில் அந்த வளையங்களின் அடியில் எரிமலை இருந்தது. அதன் ஓரத்தில் பவள உயிரிகள் சுண்ணாம்புக் கூடு கட்டின. மலை மெல்ல மெல்லக் கடலில் அமிழ்ந்தது. பவள உயிரிகளோ மேலே மேலே கட்டிக்கொண்டே வந்தன, மலை மறைந்தும் வளையம் மிஞ்சியது. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துப் போடுவதுதான் அவற்றுக்குப் பெரும்பங்கு சாப்பாடு, அதனால் வெளிச்சத்தை விட்டு இறங்க முடியாது. 1836-இல் கோகோஸ் தீவுகளைப் பார்த்த டார்வின், மலை அமிழப் பவளம் மேலே வளர்ந்த இந்தக் கதையை 1842-இல் தனிப் புத்தகமாகவே எழுதினார். 1952-இல் பசிபிக்கின் எனிவெடோக்கில் துளை போட்டார்கள். 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டியது! மாலத்தீவில் சுண்ணாம்பின் தடிமன் 2 கிலோமீட்டருக்கும் மேல். பனியுகங்களில் கடல் ஏறி இறங்கியதும் அங்கே வளையங்களைச் செதுக்கியிருக்கிறது.

நீ மிதிக்கப்போகும் வெள்ளை மணல் ஆறு கொண்டுவந்தது அல்ல. கிளிமீன் பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்று, கல்லை மாவாக்கிக் கழிக்கிறது. பெரிய மீன் ஒன்றே வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். பவளம் உயிரோடு இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். 1998-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறி ஏராளமாகச் செத்தன. நினைத்தாலே மனசு பதறுகிறது.

மாலத்தீவில் முதல் சுற்றுலா விடுதி 1972-இல்தான் வந்தது. ஆனால் 14-ஆம் நூற்றாண்டிலேயே பயணி இபன் பதூதா அங்கே போய், காஜியாக, அதாவது நீதிபதியாகப் பதவி வகித்து, கல்யாணமும் செய்துகொண்டார். சில நிமிஷத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய மண், நாலு பக்கமும் ஆழ்கடல். அதுதான் ஆளை இழுக்கிறது என்பேன்.

ஆகவே அறையிலேயே கிடக்காதீர்கள். நீரோட்டம் எப்படி என்று விடுதிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, பாறை சட்டென்று ஆழத்தில் இறங்கும் விளிம்புவரை போய் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள். செல்விக்கு நீச்சல் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட் மட்டும் போதாது, வழிகாட்டியும் கூட வரட்டும். பவளத்தின் மேல் கால் ஊன்றவே கூடாது. உடைந்து கிடக்கும் துண்டைக்கூட எடுக்காதே, நாட்டைவிட்டுக் கொண்டுபோகவும் தடை. வெயிலுக்குக் கிரீம் பூசுவதைவிட முழுக்கை நீச்சலுடை நல்லது. அளவு சொன்னால் இங்கேயே வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா