வயித்துப்புள்ளக்காரிக்குக் கை வைக்க மாட்டேன்!

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, பாபநாசம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். திண்ணையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடுப்பின் பின்பக்கம் வலதுபுறத்தில் ஆணி அடித்தாற்போல வலி. படுத்தால் புரள முடியவில்லை. ஒற்றைக் காலில் நின்று உள்பாவாடை மாட்ட முடியவில்லை.

"திருப்பூர்ல நாள் முழுக்க நாற்காலியில உக்காந்து கணக்குப் பார்த்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் அம்மா.

அம்மாயி விடவில்லை. "நாங்கல்லாம் எட்டு மாசத்துலயும் நடவுக்குப் போனோம். இப்படியா உக்காந்துட்டோம்?" என்றாள். அது ஆனி மாதம். மேட்டூர்த் தண்ணீர் வந்து, எதிர் வயலில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்த முதுகுகள் வரிசையாக நகர்வதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அம்மாயிக்கு இன்றைக்கும் இடுப்பு நிமிராது என்பது மட்டும் அவள் கணக்கில் வராது.

ஆளுக்கொரு யோசனை. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னதி விளக்கெண்ணெயைத் தடவச் சொன்னாள் அத்தை. சுளுக்கு எடுக்கிற தாத்தாவிடம் போகலாம் என்றாள் அம்மா. தம்பி கைபேசியை நீட்டினான். அதில் ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்துத் திருப்ப, 'படக்' என்று சத்தம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறாள். "கைரோபிராக்டர்க்கா. டவுன்லயே ஒரு சென்டர் இருக்கு."

போன் செய்தேன். எத்தனையாவது மாதம் என்றுகூட எதிர்முனையில் கேட்கவில்லை. "10 சிட்டிங் 12,000 ரூபாய் மேடம். இன்னைக்கே கட்டினா 2,000 தள்ளுபடி. கொழந்த தலை திரும்பலைன்னாலும் சரி பண்ணிடலாம்." என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன். "எல்லாமே பார்ப்போம் மேடம்" என்று பதில் வந்தது. இருந்தும் மறுநாள் காலை 10 மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். வலி அப்படிப் பேச வைத்தது.

அன்று சாயங்காலமே அம்மா என்னைச் சுளுக்குத் தாத்தா வீட்டுக்கு அழைத்துப்போனாள். எழுபது வயதைத் தாண்டியவர். களத்தில் விழுந்தவர்கள், மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அவர் கை பட்டவர்கள்தான். என் வயிற்றைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வயித்துப்புள்ளக்காரிக்கு நான் கை வைக்க மாட்டேன் தாயி. கோவிச்சுக்காத."

பிறகு உள்ளே திரும்பித் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்த ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காய்ச்சல் அடிக்குதா? ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?" என்று கேட்டார்கள். எரிந்தது. நான்கு நாளாக எரிந்தது. வெயில் சூடு என்று மோர் குடித்துக்கொண்டிருந்தேன். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்கள். வெற்றிலை பாக்கில் வைத்த பணத்தையும் வாங்கவில்லை.

மறுநாள் சென்டருக்குப் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்று தெரிந்தது. கர்ப்ப காலத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறும், குறைப்பிரசவ வலியைக்கூடக் கிளப்பிவிடும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. நான் மட்டும் 10 சிட்டிங் போயிருந்தால்?

ஏழு நாள் மாத்திரையில் எரிச்சலும் பாதி வலியும் போயின. மீதி வலி மூட்டு வலிதான். கர்ப்பத்தில் ஹார்மோன்களால் இடுப்பெலும்பை இணைக்கும் தசைநார்கள் தளர்கின்றன. வயிறு முன்னால் தள்ள, முதுகு பின்னால் வளைகிறது. அதற்காக பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் என்னைத் தொடும் முன் கேட்டவை: எத்தனை வாரம், ரத்த அழுத்தம் எவ்வளவு, ரத்தம் பட்டதா, நஞ்சு எங்கே இருக்கிறது, குழந்தை அசைகிறதா. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் தெரியாமல் போனாலோ, வலி விட்டுவிட்டு ஒரே சீராக வந்தாலோ தன்னிடம் வராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். மல்லாக்கப் படுக்கவைக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை, உட்கார்ந்தபடி உடை மாற்றுவது, முட்டிகளைச் சேர்த்தபடி புரள்வது, நான்கு காலில் நின்று முதுகை மெல்ல வளைப்பது. எல்லாம் இவ்வளவுதான். மூன்று வாரத்தில் திண்ணையிலிருந்து நானே எழுந்தேன்.

கைரோபிராக்டர் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. 1895ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கிய வைத்தியம் அது. மெல்போர்னில் இருக்கும் என் சித்தி மகள் பேறுகாலத்தில் அவர்களிடம்தான் போனாள். அங்கே அரசுப் பதிவு இல்லாமல் ஒருவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நம் ஊரில் அவர்களுக்கென்று தனிப் பதிவுக் குழுமம் இல்லை. ஆகவே விசாரிக்கிற வேலை நம் தலையில்தான் விழுகிறது.

அவள் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். என்ன படிப்பு, எங்கே படித்தது, கர்ப்பிணிகளைப் பார்க்கத் தனிப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். உங்கள் பிரசவ டாக்டரிடம் பேசத் தயாரா என்று கேளுங்கள். சத்தம் வர முறிக்காத மென்மையான முறை தெரியுமா, வயிறு அமுங்காத மேசை இருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாளே மொத்தப் பணம் கேட்டால், எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னால், குழந்தையைத் திருப்பித் தருகிறேன் என்று உறுதி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வலி எதனால் என்று டாக்டரிடம் தெரிந்துகொண்டு போங்கள்.

புரட்டாசியில், தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனேன். "இப்ப கை வைக்கலாமா தாத்தா?" என்றேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார்.

அம்மாயிக்கும் இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். "நடவு நட்ட இடுப்பு, இதுக்கெல்லாம் வைத்தியமா" என்று முதல் நாள் முறைத்தாள். இப்போது வியாழக்கிழமை வந்தால் காலையிலேயே பாயை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.