கை எந்திரிக்கப் பத்து மணி ஆகும்

“வெள்ளென வந்துறாதீங்க. நான் எந்திரிச்சிருவேன், கை எந்திரிக்கப் பத்து மணி ஆயிருமுங்க” என்று போனிலேயே சொல்லியிருந்தார். உடுமலைப்பேட்டை தளி ரோட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. திண்ணையில் முறம் முறமாக மண் மணிகள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தன. சுடுமண் நகை செய்கிறவர். பெயர் போட வேண்டாமென்றார்.

முடக்குவாதம். டாக்டர் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டின் உட்சவ்வையே தாக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். தேய்மான மூட்டுவலி உழைக்க உழைக்கக் கூடும். இது தூங்கி எழும்போதுதான் இறுக்கிப் பிடிக்கும்.

கைக்குத் தக்கபடி வேலையைப் பிரித்து வைத்திருக்கிறார். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மண் பிசைவது. இது வேலையா, வைத்தியமா என்றேன். “ரெண்டுந்தானுங்க.” அப்புறம் உருண்டைகள். ஜிமிக்கியில் நுணுக்கக் கோடு இழுப்பது மதியம் மட்டும். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. மறுநாள் குமட்டலில் படுத்துவிடுவார்.

துளை போடும் ஊசியில் சைக்கிள் டியூபைக் கட்டைவிரல் பருமனுக்குச் சுற்றியிருக்கிறார். பிடி பருத்திருந்தால் விரலை இறுக்க வேண்டியதில்லை. கம்மல் கம்பியை வளைக்கும் குறடு மட்டும் பிடிபடவில்லை. அது பள்ளி விட்டு வரும் மகளின் வேலை. கழுத்து மாலைகளில் கொக்கியே கிடையாது, இழுத்துச் சரிசெய்யும் நூல் முடிச்சுதான். தன்னால் மாட்ட முடியாததை விற்க மனசு வரவில்லையாம். கொக்கியோடு மல்லுக்கட்டிச் சலித்த பாட்டிமார் இதையே கேட்டு வாங்குகிறார்கள்.

ஒரு பதக்கத்தில் மாட்டு முகம். மாட்டுப் பொங்கலுக்குச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் விவசாயிகள் வைக்கும் மண் உருவாரங்களைச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம் என்றார். எனக்கு அதுதான் பிடித்தது. வண்ணம் பூசாமல் விட்டிருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

சூளை, பின்கட்டில் ஒரு பழைய பானை. தேங்காய்த் தொட்டிக் கரி, மரத்தூள். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் ஆவியாகி மணி ‘பட்’டென வெடிக்கும். அதனால் நாலைந்து நாள் நிழலில் காய்ந்தே ஆக வேண்டும். காற்றோட்டத்தில் வெந்தால் செம்மை, காற்றை அடைத்துப் புகையில் விட்டால் கறுப்பு. கல்யாண ஆர்டரென்றாலும் பத்து நாள் தவணை கேட்பார். மண் காயணுமென்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்தத் தவணைக்குள் அவர் படுத்துக் கிடந்த நாட்களும் அடங்கிவிடும். தையல் வேலையில் இது நடக்காது என்றார். அதையும் செய்து பார்த்தவர்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. இந்த நோயின் பெயர் அதில் இல்லை. சலுகை பெற, கை கால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் வந்து 40 சதவீதக் குறைபாடு தேற வேண்டும். மதியம் மூன்று மணிக்கு அளந்தால் காலை ஆறு மணிக் கை யார் கண்ணில் படும்? விரல் நிரந்தரமாகக் கோணிய பிறகு வரும் சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கண்காட்சியில் கடை போட்டபோது நோயைச் சொல்லி ஒரு அட்டை வைக்கச் சொன்னார்களாம். வைக்கவில்லை. “ஜிமிக்கி நல்லாருந்தா வாங்கட்டும். இல்லீனா வெச்சுட்டுப் போகட்டும்.”

ஜோடி 150 ரூபாய் என்றார். கூட வந்த என் தங்கை 120-க்குக் கேட்டாள்.

“நாளான்னிக்கு வா கண்ணு. மாத்திரைக்கு மறுநாளு, பேரம் பேசத் தெம்பிருக்காது.”