கிளாம்ஸும் அதியமான்கோட்டையும்

போன ஞாயிறு அப்பாவை பைக்ல வச்சு வத்தல்மலைக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் "மெதுவா போடா"ன்னு பின்னாடியிருந்து ஒரு சத்தம். மேல டீ குடிக்கறப்ப, ரொம்ப நாளா உறுத்திட்டிருந்த ஒண்ணை அவர்கிட்ட சொல்லிட்டேன்.

ஆன்சைட்ல எடின்பரோவில இருந்தப்ப கிளாம்ஸ் கோட்டைக்குப் போனோம். 1372ல இரண்டாம் ராபர்ட் ராஜா, ஜான் லயன்ங்கறவருக்குக் கொடுத்த இடம். இன்னிக்கும் அதே வம்சம்தான். நடுவுல 1537ல அந்த வீட்டு ஜேனட் டக்ளஸ் மேல ராஜத்துரோகப் பழி போட்டு, உயிரோட எரிச்சு, கோட்டையையும் ஐந்தாம் ஜேம்ஸ் பிடுங்கிக்கிட்டார். 1542ல அவர் செத்தப்புறம் அந்தம்மா மகனுக்கே திரும்ப வந்துடுச்சு. 650 வருஷம்!

கூட வந்த ஸ்காட்லாந்துக்காரர் கேட்டார், "உங்க ஊர்ல கோட்டை இருக்கா?"

யோசிக்காம "இல்லை"ன்னேன்.

அடப்பாவி! தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு நாலு வருஷம் காலேஜ் பஸ்ல போனது அதியமான்கோட்டை வழியாத்தான். காதுல ஹெட்போன், எங்கே ஜன்னலைப் பார்க்கறது?

நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியோட தகடூர்தான் நம்ம தர்மபுரி. பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழிச்சான். ஆனா பேர் அழியல. 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில ஒரு தமிழ் பிராமி கல்வெட்டு கிடைச்சுது. 'சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி'ன்னு அதுல பேரே இருக்கு. அசோகர் கல்வெட்டுல வர்ற சதியபுத்திரர் யாருங்கற குழப்பமும் அதோட தீர்ந்துச்சு. ஆயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சு, மூன்றாம் குலோத்துங்கன் காலத்துல, விடுகாதழகிய பெருமாள்னு ஒரு சிற்றரசர் நானும் அதியமான் வம்சம்தான்னு கல்லுல வெட்டி வச்சிருக்கார். இதுக்கு முன்னாடி கிளாம்ஸ் கணக்கு எம்மாத்திரம்?

அப்பா முழுசா கேட்டுட்டு, "சின்ன வயசுலேர்ந்து இறங்கிப் பார்க்கலாம்னு கூப்பிட்டேன், நீ எங்க வந்தே"ன்னார். கோவமா சொல்லியிருந்தாக் கூட பரவாயில்லை. மெதுவா சொன்னார்.

இறங்கி வந்து நேரா அங்கதான் போனோம். கல் கோட்டை இல்லீங்க, மண்கோட்டை. மிச்சம் இருக்கறது மண்மேடுதான். அப்பாவை அதுக்கு முன்னாடி நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து, 'அன்னிக்கு தப்பா சொல்லிட்டேன்'னு அந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு மெயில் போட்டேன்.

நேத்து பதில் வந்துச்சு. "அருமை! இப்ப இதோட ஓனர் யாரு? படத்துல இருக்கறவரா?"

அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே இருக்கார். நான் இன்னும் ரிப்ளை போடலை.