கன்னியாவின் வெந்நீரும் கொட்டியாரத்துத் திமிங்கிலமும்



தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கிற நமக்குக் கடல் புதிதன்று. வெந்நீரூற்றும் புதிதன்று, நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், தான்சா ஆற்றையொட்டி வஜ்ரேஸ்வரியும் கணேஷ்புரியும் இருக்கின்றன. மூட்டுவலி தீருமென்று அங்கே போய்வந்த பெரியவர்கள் நம்மிடையே பலர். ஆனால், காலையில் திமிங்கிலத்தைக் கண்டு, அன்று பிற்பகலே வெந்நீரில் குளிக்கத்தக்க ஊர் ஒன்று, அதுவும் தமிழ் வழங்கும் ஊர், உண்டென்பதை அறிவீர்களா? அதுவே இலங்கையின் வடகிழக்குக் கரையிலுள்ள திருகோணமலை.

கொழும்பிலிருந்து சாலைவழியே ஏறத்தாழ 260 கிலோமீட்டர் பயணம். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அங்கே உள்ளது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கிறது; அக்குடாவுக்கு அப்பால், கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. திமிங்கிலங்கள் ஆழத்தை நாடுகிறவை. மற்றக் கரைகளில் அந்த ஆழத்தைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டும்; இங்கோ அது வாசலருகே இருக்கிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள் ஏற்றவை.

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து அதிகாலையில் படகுகள் புறப்படும். ஓங்கில் கூட்டங்கள் துள்ளிச் செல்வதைக் காண்பீர்கள். பின்பு தூரத்தில் நீர்த்திவலை புகைபோல் உயரும். அது நீலத் திமிங்கிலத்தின் மூச்சு. உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியதாக அறியப்படுவது இதுவே. இக்கடலில் காணப்படும் வளர்ந்த திமிங்கிலம், ஏறத்தாழ நம் லோக்கல் ரயிலின் ஒரு பெட்டி நீளம் இருக்கும். மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பல இரைக்காகக் குளிர்கடலை நோக்கிப் பயணம் செய்ய, இலங்கையைச் சூழ்ந்தவை ஆண்டு முழுவதும் இவ்வெப்பக் கடலிலேயே தங்குகின்றன. இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் இலங்கை அறிவியலாளர் ஆஷா டி வோஸ்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். திமிங்கிலம் மீனன்று, நம்மைப்போல் காற்றைச் சுவாசிப்பது. மூச்சுவாங்க மேலே வரும் சில நிமிடங்களில் படகுகள் துரத்தினால், அது மூச்சு நிரம்புமுன்னே மூழ்கிப்போகும். நூறு மீட்டருக்குள் நெருங்கலாகாது என்பது விதி. பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காகப் படகோட்டியை, "இன்னும் கிட்டப் போ" என்று நெருக்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கிறவரே நல்ல படகோட்டி. சிலநாள் ஒன்றும் தென்படாமலும் போகலாம். அதற்காக அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

அவர் கடந்துவந்த காலத்தையும் எண்ணிப்பாருங்கள். 1979-இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1982 முதல் 1984 வரை 'துலிப்' என்னும் பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள், எண்ணெய்த் திமிங்கிலங்களைத் திருகோணமலைக் கடலிலும் ஆராய்ந்தார்கள். ஆனால் 1983-இல் மூண்ட போர் எல்லாவற்றையும் நிறுத்திற்று. ஆய்வாளர் திரும்பிப் போகலாம்; மீனவர் எங்கே போவார்? தம் சொந்தக் கடலில் இறங்கவும் அவருக்குத் தடைகள் இருந்தன. 2004-இல் ஆழிப்பேரலை அக்கரையையும் அடித்தது. போர் முடிந்தது 2009-இல். இன்று பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு பல வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது.

நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் கன்னியா. சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெப்பம் சற்றே வேறுபடும். உள்ளே இறங்காமல் வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளவேண்டும். குழந்தைகளுக்கு ஊற்றுமுன் கையால் தொட்டுப் பாருங்கள். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே வெகு ஆழம் இறங்கி, பூமியின் உட்சூட்டினால் வெந்து, மீண்டும் மேலேறி வருகிறது. ஆதியாகமம் 36:24-இல் ஆனாகு வனாந்தரத்தில் கண்டது கோவேறு கழுதைகள் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு கூறும். அவ்வெபிரெயச் சொல் வெந்நீரூற்றுகளைக் குறிக்கும் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து.

இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக இக்கிணறுகளைத் தோண்டினான் என்பது அவ்வூர் மரபுக்கதை. ஆகவே, இறந்தோருக்குரிய கடன்களைச் செய்ய இந்துத் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வருவதுண்டு. இவ்விடம் யாருடையது என்ற வழக்கும் உண்டு. 2019-இல் தமிழர் திரண்டு போராடியதும் நீதிமன்றத்தை நாடியதும் அதனாலேயே. நாம் அச்சடங்குகளைச் செய்கிறவர்களல்லர். ஆயினும், தகப்பனையோ தாயையோ இழந்து ஈர உடையோடு நிற்கிறவரின் அருகில் ஆரவாரம் செய்து புகைப்படம் எடுத்துக்கொள்வது நமக்குத் தகுமா? அப்படி ஒரு குடும்பம் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். அவர்கள் முடிக்குமட்டும் நம் பிள்ளைகளை நிழலில் உட்காரவையுங்கள். வெந்நீர் ஆறிப்போகாது.

இவ்வளவு தூரம் செல்ல வசதியில்லாதோர் வருந்தவேண்டாம்; விரார் வரை ரயிலிலும், பின்பு பேருந்திலும் சென்றால் வஜ்ரேஸ்வரியை அடையலாம். அங்கேயும் அது பிறர் வழிபடும் தலம் என்பதை மறவாதிருங்கள்.