பொருளும் சொல்லும்

தம்பானூரில் குடியிருக்கும் எனக்கு அருங்காட்சியகம் தொலைவன்று. இரயில் நிலையத்தருகே பேருந்து ஏறினால், 1880-இல் எழுந்த நேப்பியர் அருங்காட்சியகத்தைச் சற்று நேரத்தில் அடைந்துவிடலாம். அங்குள்ள மரச்சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் காணுந்தோறும், பழம்பொருளைக் காப்பதென்றால் எதைக் காப்பது என்னும் வினா என்னுள் எழுவதுண்டு.

இவ்வினாவுக்கு ஜெர்மானியர் வரலாறு நல்லதொரு பாடம். கப்பல் மருத்துவராக உலகைச் சுற்றிய அடால்ஃப் பாஸ்டியன், ஐரோப்பியர் கால்பட்ட இடமெல்லாம் பழைய வாழ்வு அழிவதைக் கண்டார். எஞ்சியதை உடனே திரட்டுக என்றார். அவர் முயற்சியால் 1873-இல் பெர்லினில் மக்களினவியல் அருங்காட்சியகம் நிறுவப்பெற்றது. ஃபெடோர் யாகோர் நம் தென்னாட்டிலும் அலைந்து அதற்குப் பொருள்களைச் சேர்த்தார். 1886-இல் திறந்த பெருங்கட்டடமும் விரைவிலேயே நிரம்பி வழிந்தது. திரட்டிய வேகத்துக்கு ஆய்வு ஈடுகொடுக்கவில்லை. சேர்த்தவர் பெயர் ஏட்டில் ஏறியது. செய்தவர் பெயரோ பெரும்பாலும் ஏறவில்லை.

அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே, 1706-இல், தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் சீகன்பால்கு. சமயம் பரப்ப வந்தவரே எனினும், அவர் நம்மவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். தாம் திரட்டிய ஓலைச்சுவடிகளுக்கு 1708-இல் பட்டியல் வரைந்தபோது, நூற்பெயரோடு உள்ளடக்கத்தையும் குறித்தார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதியனுப்பிய நூலை ஹாலே நகரத்துப் பெரியோர் அச்சிட விரும்பவில்லை. அது 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. ஆயினும் எழுதி வைத்ததனாலன்றோ அது பிழைத்தது!

என் வீட்டில் பாட்டியார் நெல் அளந்த மரக்கால் ஒன்று உண்டு. அவர் முதல் அளவை ‘ஒன்று’ என எண்ணமாட்டார், ‘லாபம்’ என்பார், அடுத்ததே ‘இரண்டு’. களத்துமேட்டில் அச்சொல்லைக் கேட்டதும் கூலியாள் முகமும் மலரும். இன்று என் பேரன் அம்மரக்காலில் எழுதுகோல்களைப் போட்டு வைத்திருக்கிறான். அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்தால் மரமும் பூணும் காப்பாற்றப்படும், ‘லாபம்’ காப்பாற்றப்படுமா?

மலையாளம் சூழ வாழும் நம் இல்லங்களில் பொருள்களுக்கு முன்பே பெயர்கள் மறைகின்றன. பரணில் கிடப்பது இன்னும் சில காலம் காத்திருக்கும். அதன் பெயரும் வழக்கும் அறிந்த முதியோர் காத்திரார். சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்கொரு குறிப்பேடு வைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்களாக. சொன்னவர் பெயரையும் மறவாது சேர்ப்பார்களாக.