தம்பிக்கு ஒரு வண்டி

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் நடக்க முடியாதவர் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள், உதவும்.

என் தம்பிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் செயலிழந்தன. இப்போது வயது 58. மயிலாடுதுறை கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். 30 வருடமாகக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான் அவனுக்கு. போன வருடம் வலது தோளில் வலி ஆரம்பித்தது. கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. "கால் செய்ய வேண்டிய வேலையையும் இத்தனை நாள் இந்தத் தோள்தான் செய்திருக்கு. இதுவும் போயிட்டா கட்டில்லேருந்து இறங்கவே ஆள் வேணும்" என்றார் மருத்துவர்.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாக இளம்பிள்ளைவாதம் பதிவானது 2011 ஜனவரியில். அந்த வைரஸால் புதிதாக யாருக்கும் வரவில்லை என்பதால் அந்த நோயையே மறந்துவிட்டோம். ஆனால் அன்று பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இப்போது வயதாகிறது. கால் இல்லாத குறையைக் கையால் ஈடுகட்டியவர்களுக்குக் கையும் தளர்கிறது.

"கடையை மூடிட்டு வீட்ல இருங்க, எங்க போகணும்னாலும் ஆட்டோ வச்சுக்கலாம்" என்றாள் தம்பி மனைவி. பாசத்தில்தான் சொன்னாள். அவனோ, "வருமானத்துக்காக மட்டும் இல்லக்கா. காலைல கிளம்பிப் போறதுக்கு ஒரு இடம் வேணும். யாரையும் கூப்பிடாம போகணும்" என்றான். அதற்குமேல் விவாதிக்க ஒன்றுமில்லை. வண்டி தேட ஆரம்பித்தோம். கையில் இருந்தது 80,000 ரூபாய்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன், அங்கே முதியவர்கள் ஓட்டும் மின் ஸ்கூட்டரின் வீடியோ அனுப்பினான். பார்க்க அழகு. ஆனால் சக்கரம் சிறியது, அடிப்பாகம் தாழ்வு. வழவழப்பான நடைபாதைக்கும் லிஃப்டுக்கும் ஏற்ற வண்டி. நம் தெருவில் வேகத்தடைக்கும் ஜல்லிக்கும் தாங்காது. பழுதானால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

அடுத்து, பின்னால் இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர். எங்கும் பழுது பார்க்கலாம், தூரம் போகலாம், கைகள் நன்றாக இருப்பவர்களுக்கு அருமையான வண்டி. ஆனால் இருக்கை சுமார் இரண்டரை அடி உயரம். தினமும் நான்கு முறையாவது தோளை ஊன்றித்தான் தம்பி ஏறி இறங்க வேண்டும். எந்தத் தோளைக் காப்பாற்ற வண்டி தேடுகிறோமோ, அதே தோள்! அதனால் விட்டுவிட்டோம். உங்கள் வீட்டில் இதை வாங்கினால், செய்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதியாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் காப்பீட்டில் சிக்கல் வரும்.

சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக் கழற்றும் மோட்டார் இணைப்பும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் நிறுவனத்தின் நியோபோல்ட் அப்படிப்பட்டது. இடம் மாறி உட்கார வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. அதற்கேற்ற நாற்காலியையும் சேர்த்து வாங்க எங்கள் பணம் போதவில்லை.

கடைசியில் தம்பி தேர்ந்தெடுத்தது பேட்டரி மூன்று சக்கர வண்டி. இருக்கை அவன் கட்டில் உயரம்தான். கைப்பிடி ஓரமாக மடங்குவதால் நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். பின்னோக்கியும் போகும். வேகம் கூட்டும் திருகை இடது கைக்கு மாற்றித் தரச் சொன்னோம், செய்து தந்தார்கள். விலை 68,000.

வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை, கணக்கு டீச்சர் முறையில்:

1. பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் 960 வாட்-மணி. முழுதாக ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம்தான். லெட்-ஆசிட் விலை குறைவு, ஆனால் கனம் அதிகம், சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். லித்தியம் விலை கூடுதல், நீண்டநாள் உழைக்கும். மாற்று பேட்டரி விலையையும் சேர்த்துத்தான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

2. வண்டியின் அகலத்தையும் வாசல் அகலத்தையும் அளந்து பாருங்கள். வாசற்படிக்குச் சரிவுப்பாதை 1-க்கு 12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். மீதிப் பணம் எங்களுக்கு அதற்குத்தான் போனது.

3. கடைக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது. ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக் பிடித்து, மறுபடி கிளப்பிப் பாருங்கள்.

4. பதிவு, உரிமம் தேவையா என்பதை மோட்டாரின் திறனும் வேகமும் எடையும்தான் முடிவு செய்யும். விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே செய்த வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பில்லில் பாருங்கள்.

சொந்தப் பணம் போடும்முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்துவிடுங்கள். தகுதியுள்ளவர்களுக்குத் தமிழக அரசு இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை இலவசமாகவே தருகிறது. தசைச்சிதைவு, தண்டுவட பாதிப்பு உள்ளவர்களுக்கு பேட்டரி சக்கர நாற்காலி உண்டு. மத்திய அரசின் அடிப் திட்டத்தில் கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் பேட்டரி மூன்று சக்கர வண்டியும் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் யு.டி.ஐ.டி. அட்டை முக்கியம், முதலில் அதை எடுங்கள்.

இன்னொன்று. எந்தக் கடைக்குப் போனாலும் விற்பவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ஓட்டப் போறது அவன், அவன்கிட்ட சொல்லுங்க" என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள். அந்தத் திருகை இடது கைக்கு மாற்றலாம் என்று கேட்டவன் அவன்தான், எனக்குத் தோன்றவே இல்லை.

மயிலாடுதுறைப் பக்கம் யாருக்காவது வண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள். தம்பி ஓட்டிப் பார்க்கவும் கொடுப்பான், பேட்டரி கணக்கும் சொல்வான்.