அரை இன்ச் மரை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஓ.டி. என்கிற பழைய நகரத்தைத் தாண்டினால் சிப்காட் தொழிற்பேட்டை. அங்குள்ள ரசாயனக் கம்பெனிகளை ஊருக்கே தெரியும். அந்தக் கம்பெனிகளுக்குள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய், பிரஷர் கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக் கொடுக்கிற தனியாட்களை யாருக்கும் தெரியாது. என் கட்சிக்காரர் அப்படி ஒருவர். கூடமாட ஒரு பையன், அவ்வளவுதான்.

கேஜ் சோதிக்கும் கைப்பம்பு ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தார். விலை 60,000 ரூபாய்க்கு மேல். சுங்க வரி தனி. விளம்பரத்தில் "அரை இன்ச் பி.எஸ்.பி." என்று இருந்தது. அவர் போகும் கம்பெனிகளில் கேஜுகளெல்லாம் அந்த பிரிட்டிஷ் மரைதான். வந்து சேர்ந்ததோ அமெரிக்க என்.பி.டி. மரை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அரை இன்ச் அளவில் இரண்டுக்குமே இன்ச்சுக்கு 14 மரைதான். அதனால் கேஜ் முதல் இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறும். பிறகு இறுகும். டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கினாலும் பிரஷர் ஏற்றியதும் கசியும். காரணம், பி.எஸ்.பி. மரையின் கோணம் 55 டிகிரி, என்.பி.டி.க்கு 60.

"அடாப்டர் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்புவதானால் செலவு உங்களுடையது" என்று விற்பனையாளர் பதில் போட்டார். விற்ற தளமோ, "நாங்கள் இடைநிலையாளர் மட்டுமே" என்று ஒதுங்கிக்கொண்டது. இந்த மெயில்களிலேயே நாலு மாதம் ஓடி, ஐந்தாவது மாதம்தான் என்னிடம் வந்தார். முன்பே வந்திருந்தால் முதலில் கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதிவு செய்யச் சொல்லியிருப்பேன். சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் பணத்தைத் திரும்ப இழுக்க கார்டு நிறுவனங்களிடம் வழி இருக்கிறது. அதற்குப் பொதுவாக 120 நாள்தான் கெடு. அது போய்விட்டது.

எனக்குப் பெரிய கவலை வேறு. வெளிநாட்டில் இருப்பவர்மேல் இங்கே உத்தரவு வாங்கி என்ன செய்வது? வசூலிக்க இந்தியாவில் ஒரு முகவரி வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அங்கேதான் கைகொடுத்தன. இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுத் தளத்துக்கும் அவை பொருந்தும். இந்தியாவில் வசிக்கும் ஒரு தொடர்பு அலுவலரை அது வைத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

"தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். எதிர்பார்த்ததுதான். லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்மேல் தொடுத்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இயந்திரம் வாங்கியவர் அதில் தோற்றுப்போனார். ஆனால் அதே தீர்ப்பு, பிழைப்புக்காகத் தானே ஓட்ட லேத் வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்கிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. தனியாளாகப் பட்டறை வைத்திருக்கும் எத்தனையோ பேரைக் காப்பாற்றிவரும் வரிகள் அவை. அடுத்து அடாப்டர் வாதம் வந்தது. கட்சிக்காரர் மரை அளக்கும் பிட்ச் கேஜ் கொண்டுவந்திருந்தார். 55 டிகிரி தகட்டை மரையில் வைத்து ஜன்னல் பக்கம் காட்டினார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. 60 டிகிரி தகடு கச்சிதமாக உட்கார்ந்தது. ஆணையத்தில் இருந்தவர்கள் கையில் வாங்கிப் பார்த்தார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அவர் ஆர்டர் போட்ட அன்றே எடுத்து வைத்திருந்தது பெரிய பலம். பின்னால் அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டார்கள்.

விலை, திருப்பி அனுப்பும் செலவு, வழக்குச் செலவு மூன்றையும் தளம் தர வேண்டும் என்று உத்தரவானது. உடனே தரவில்லை. உத்தரவை மீறினால் மூன்று வருடம் வரை சிறை என்று சொல்லும் நுகர்வோர் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் மனுப் போட்ட பிறகே பணம் வந்தது.

சுங்க வரி மட்டும் வரவில்லை. ஒப்புக்கொண்ட விவரத்துக்கு மாறான பொருளைத் திருப்பி அனுப்பினால், சுங்கச் சட்டத்தின் 26ஏ பிரிவில் வரியைத் திரும்பப் பெறலாம். ஆனால் விடுவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பொருள் ஏற்றுமதியாக வேண்டும். காரணம் காட்டினால் கூடுதலாக மூன்று மாதம் வரை கிடைக்கும். விற்பனையாளர் இழுத்தடித்ததே அதற்கு மேல். அந்தத் தொகையையும் நஷ்டமாகக் கேட்டேன். வரி அரசுக்குப் போனது, அதற்குத் தனி வழி உண்டு என்று ஆணையம் மறுத்துவிட்டது. அந்தப் பகுதி தவறு என்பதே இன்றும் என் கருத்து. அந்த வழியை அடைத்ததே எதிர்த்தரப்பின் தாமதம்தான். 45 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றேன்.

"வேணாம் சார். கம்பெனியெல்லாம் பராமரிப்புக்கு நிறுத்துற ஷட்டவுன் வருது, அந்த மாசம்தான் எனக்கு வேலையே" என்றார் அவர்.